உன் அறையை மேல்வீட்டு அக்காவுக்குக் கொடுத்துவிட்டோம்

அன்பு மகனுக்கு,

அம்மா எழுதிக்கொள்வது. இங்கே நானும் அப்பாவும் சின்னவளும் உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருக்கிறோம், அப்பாவுக்குப் படி ஏறும்போது மட்டும் முழங்கால் முனகுகிறது, மற்றபடி குறையில்லை. நீயும் அங்கே நேரத்துக்குச் சாப்பிட்டு நேரத்துக்குத் தூங்கி நல்லபடியாக இருக்கிறாய் என்று நினைத்துக்கொண்டுதான் இதை ஆரம்பிக்கிறேன். நான் சொல்லச் சொல்ல எழுதுகிறவள் உன் தங்கை. என் கையெழுத்து கோழி கிளறின மாதிரி இருக்கும் என்று உனக்குத் தெரியும், அவள் ஒன்பதாம் வகுப்போடு நின்றாலும் எழுத்து முத்து முத்தாக விழும். எழுதி முடித்ததும் பக்கம் பக்கமாகப் போட்டோ எடுத்து உன் போனுக்கே அனுப்பிவிடுவாள். போனிலேயே பேசித் தொலைக்கலாமே என்று கேட்பாய். நேற்றுப் பேசினோமே, என்ன ஆயிற்று. நான் ஒரு வார்த்தை சொன்னால் நீ குறுக்கே இரண்டு சொன்னாய், நீ கத்தினாய், நான் கத்தினேன், கடைசியில் லைன் போய்விட்டது. போய்விட்டதா நீ வைத்துவிட்டாயா என்று நான் விசாரிக்கப் போவதில்லை. கடிதத்தில் உன்னால் குறுக்கே பேச முடியாது, அதற்காகத்தான் கடிதம்.

நீ நேற்றுச் சொன்னதில் எனக்குப் புரிந்தது இதுதான். மேல்வீட்டு டிரைவிங் மாஸ்டர் உனக்குப் போன் செய்து அழுதிருக்கிறார். அவர் பெண்சாதியை நாங்கள் நம் வீட்டில் வைத்துக்கொண்டு அனுப்ப மறுக்கிறோம், நல்லா இருந்த குடும்பத்தை உன் அம்மாவும் தங்கையும் சேர்ந்து பிரிக்கிறார்கள் என்று சொல்லியிருக்கிறார். வருகிற ஞாயிற்றுக்கிழமை அவர் வந்து கூப்பிடும்போது அவளை மரியாதையாக அனுப்பி வைக்க வேண்டும், அடுத்தவர் வீட்டு விஷயத்தில் நாம் எதற்கு மூக்கை நுழைக்க வேண்டும் என்று நீ சொன்னாய். மாஸ்டர் மாதிரிப் பொறுமைசாலியை நான் பார்த்ததில்லை என்றும் சொன்னாய். அதை நான் மறுக்கவில்லை. நீ கார் ஓட்டப் பழகின நாட்கள் எனக்கு நினைவிருக்கிறது. ஒரு நாள் வண்டியை நடைபாதையில் ஏற்றி, பூந்தொட்டி விற்கிற கடையில் விட்டுவிட்டு முகம் வெளிறி வந்தாய். மாஸ்டர் ஒரு வார்த்தை திட்டவில்லை, தன் காலுக்கடியில் இருந்த இன்னொரு பிரேக்கை அழுத்தி வண்டியை நிறுத்திவிட்டு, தொட்டிக்கு லைசென்ஸ் இல்லை போலிருக்கு என்று சிரித்தாராம். அதை நீ எங்களிடம் சொல்லிச் சொல்லிச் சிரித்தாய். அவர் கற்றுக்கொடுத்த வேலையில்தான் இன்று நீ அந்த ஊரில் வண்டி ஓட்டுகிறாய், அதுவும் உண்மை. ஆனால் நீ இங்கிருந்து போய் நாளாகிவிட்டது, நடந்தது என்ன என்று உனக்கு அவர் வாயால் மட்டும்தான் தெரியும். எங்கள் வாயாலும் கேட்டுக்கொள்.

நம் கட்டிடத்தில் ஒரு வழக்கம் உண்டு, நீ இருக்கும்போதே உண்டு. மேல்வீட்டில் சத்தம் ஆரம்பித்தால் எதிர்வீட்டு டீச்சர் முதலில் டிவியின் சத்தத்தைக் கூட்டுவார், அதைக் கேட்டு நாம் கூட்டுவோம், நம்மைக் கேட்டு கீழ்வீட்டில் கூட்டுவார்கள். யாரும் யாரிடமும் பேசி வைத்துக்கொண்டதில்லை. ஒரு நாள் நீ பரீட்சைக்குப் படிக்கிறேன், சத்தத்தைக் குறை என்று கத்தினாய், நான் மேலே கையைக் காட்டினேன், நீயும் புரிந்துகொண்டு காதில் பஞ்சை வைத்துக்கொண்டாய். மறுநாள் மாஸ்டர் பெண்சாதி கண் வீங்கி, உதடு கிழிந்து படியில் இறங்கி வருவாள். அவள் வேலை பார்ப்பது கண்ணாடிக் கடையில், மூக்குக்கண்ணாடி மாட்டிப் பார்த்துச் சரி செய்து கொடுக்கிற வேலை, கடை முழுக்கக் கண்ணாடிதான், எங்கே திரும்பினாலும் அவள் முகம் அவளுக்கே தெரியும். கேட்டால் படியில் வழுக்கிவிட்டது என்பாள். நாங்களும் பார்த்து நட அம்மா என்போம். அவ்வளவுதான் பேச்சு.

போன ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சாப்பிட்டுவிட்டு எல்லாரும் அவரவர் வீட்டில் உட்கார்ந்திருந்த நேரம், மேலே ஆரம்பித்தது. டீச்சர் வீட்டு டிவி ஏறியது. அப்பா ரிமோட்டைத் தேடு தேடென்று தேடி, கடைசியில் தான் உட்கார்ந்திருந்ததே அதன் மேல்தான் என்று கண்டுபிடித்து நம்முடையதையும் ஏற்றினார். ஒரு சமையல்காரர் வெங்காயம் வதக்குவது எப்படி என்று சந்தைக்கடை மாதிரி கத்திக்கொண்டிருந்தார். அப்போது கரண்ட் போனது. டிவி நின்றது, ஃபேன் நின்றது, ஃபிரிட்ஜ் நின்றது, கட்டிடம் முழுக்க ஒரே நேரத்தில் ஊமையாகிவிட்டது. மேலே நடப்பது மட்டும் நிற்கவில்லை. பக்கத்து அறையில் நடப்பது போல் அவ்வளவு தெளிவாகக் கேட்டது. ஓர் அறை விழுந்தது, நாற்காலி இழுபடுகிற சத்தம், மறுபடியும் ஓர் அறை. பிறகு அவள் குரல். அழவில்லை, கத்தவில்லை. "கரண்ட் இல்லைங்க, கேக்கும்ங்க, மெதுவா" என்றாள். கண்ணா, அதைக் கேட்டுக்கொள். நிறுத்துங்கள் என்று அவள் சொல்லவில்லை. மெதுவாக என்றுதான் கெஞ்சினாள். நாம் டிவியைக் கூட்டுகிறோம் என்று அவளுக்கும் தெரிந்திருக்கிறது, இத்தனை நாளும் அந்தச் சத்தத்தின் மறைவில்தான் அவள் மானத்தைக் காப்பாற்றிக்கொண்டிருந்திருக்கிறாள். அப்பா என் முகத்தைப் பார்க்கவில்லை, நானும் அவர் முகத்தைப் பார்க்கவில்லை. கொஞ்ச நேரத்தில் கரண்ட் வந்தது. விட்ட இடத்தில், விட்ட சத்தத்தில் எல்லா வீட்டு டிவியும் சேர்ந்து கத்தின. வெங்காயம் பொன்னிறமாகிவிட்டது என்றார் அந்தச் சமையல்காரர். உன் தங்கை எழுந்தாள், சுவிட்சை அணைத்தாள், காலில் செருப்புகூட மாட்டாமல் கதவைத் திறந்துகொண்டு போனாள். துணி எடுக்கப் போகிறாள் என்று நினைத்தேன். விருந்தாளி வந்தால் கதவுக்குப் பின்னால் நிற்கிறவள், என்னோடு வேலைக்கு வந்த சலவைக்கடையில் மானேஜர் உன் பேர் என்ன என்று கேட்டதற்கு என்னைத் திரும்பிப் பார்த்தவள், அவள் மேல்வீட்டுக்குப் போவாள் என்று எனக்கு எப்படித் தோன்றும். மேலே நடந்ததை அவளே எழுதட்டும், நான் போய் அடுப்பைப் பார்த்துவிட்டு வருகிறேன்.

அண்ணா, இது நான் எழுதுவது. அம்மா எழுது என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள், எனக்குப் பாதியில் எழுதாமல் விட்டுவிடலாமா என்று இருக்கிறது, ஆனாலும் எழுதுகிறேன். நான் எதையும் யோசித்துக்கொண்டு போகவில்லை. பாதிப் படியில் திரும்பிவிடலாம் என்று நின்றேன். கீழ்வீட்டு டிவி அங்கேயும் கேட்டது. திரும்பிப் போனால் அதைத்தான் கேட்டுக்கொண்டு உட்கார வேண்டும் என்று தோன்றியது, ஏறிப் போய்க் கதவைத் தட்டிவிட்டேன். மாஸ்டர் திறந்தார். தலை வாரியிருந்தது. எப்போதும் போலச் சிரித்தார். என்னம்மா, அம்மா ஏதாவது கேட்டாங்களா, சர்க்கரை வேணுமா என்றார். அவரே எனக்கு ஒரு காரணத்தை எடுத்துக் கொடுத்தார் அண்ணா, ஆமாம் என்று சொல்லியிருந்தால் சர்க்கரையை வாங்கிக்கொண்டு இறங்கி வந்திருப்பேன். இல்லை என்று தலையை ஆட்டினேன். அக்காவைப் பார்க்கணும் என்றேன். அவ தூங்கறா, அப்புறம் வா என்றார். நான் அங்கேயே நின்றேன். எனக்குப் பேசத் தெரியாது, நிற்கத் தெரியும், கடையில் நாள் பூராவும் இஸ்திரி மேஜை முன்னால் நிற்கிறேனே. அவர் கதவைச் சாத்தப் பார்த்தார். என் கை கதவு நிலையில் இருந்தது, தைரியத்தில் வைக்கவில்லை, தடுமாறி விழாமல் இருக்கப் பிடித்தது. என் விரல் இருந்ததால் அவரால் சாத்த முடியவில்லை. அடுத்த வீட்டுப் பெண்ணின் விரலை நசுக்க அவருக்கு மனசு வரவில்லை. அப்போதுதான் எனக்கு வாய் திறந்தது. கேட்டுச்சு என்றேன். எங்க எல்லாருக்கும் கேட்டுச்சு என்றேன். அவர் சிரிப்பு போய்விட்டது. அக்கா உள்ளே இருந்து வந்தாள், ஈரத் துண்டைக் கன்னத்தில் அழுத்திக்கொண்டு. அவரைப் பார்க்கவில்லை, என்னையும் பார்க்கவில்லை, அவர் கைக்கு அடியில் குனிந்து வெளியே வந்துவிட்டாள். மாஸ்டர் தடுக்கவில்லை. வண்டி ஓட்டச் சொல்லிக் கொடுக்கிற குரலில், பார்த்து இறங்கு, படி வழுக்கும் என்றார். படி காய்ந்துதான் இருந்தது. படியில் வழுக்கிவிட்டது என்று அக்கா எல்லாரிடமும் சொல்வாளே, அது யாருடைய வார்த்தை என்று எனக்கு அப்போதுதான் தெரிந்தது. டீச்சர் வாசலுக்கு வந்து நின்றிருந்தார், கையில் ரிமோட் இருந்தது. ஒதுங்கி வழி விட்டார். அவ்வளவுதான் அண்ணா. மற்றதை அம்மா சொல்வாள்.

வந்துவிட்டேன். அவள் எழுதினதைப் படித்துக் காட்டச் சொன்னேன், பாதியைப் படிக்காமல் முழுங்குகிறாள், போகட்டும். அன்று சாயங்காலமே மாஸ்டர் பழப் பையோடு வந்தார். உன் அப்பா முதலில், நமக்கெதுக்கும்மா வம்பு, அவங்க புருஷன் பெண்சாதி நாளைக்குச் சேர்ந்துக்குவாங்க, நாமதான் நடுவுல கெட்ட பேர் வாங்குவோம் என்று என்னிடம் புலம்பிக்கொண்டிருந்தவர்தான். ஆனால் அவள் துண்டை எடுத்துவிட்டுத் தண்ணீர் குடித்தபோது அவள் முகத்தைப் பார்த்தார். ஒரு நாற்காலியை எடுத்து வாசலிலேயே போட்டுக்கொண்டு பேப்பரை விரித்தார். மாஸ்டர் வந்து, சார் கொஞ்சம் பேசணும், அவளைக் கூப்பிடுங்க என்றார். அப்பா பேப்பரை விட்டுத் தலையைத் தூக்கவில்லை, நாற்காலியையும் நகர்த்தவில்லை. சார் வழி விடுங்க என்றார் மாஸ்டர். முழங்கால் மடங்க மாட்டேங்குது, எழுந்திருக்க முடியலை என்றார் அப்பா. சிரிக்காதே, எனக்கும் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டேன். மாஸ்டர் பழப் பையை வைத்துவிட்டுப் போனார், அப்பா அதை அவர் வீட்டு வாசலிலேயே கொண்டுபோய் வைத்துவிட்டு வந்தார். அப்போது முழங்கால் நன்றாகவே மடங்கியது.

அதற்குப் பிறகு இந்தக் கட்டிடத்தில் எத்தனை வாய் உண்டு என்று எனக்குத் தெரிந்தது. கட்டிடச் சங்கத்துச் செக்ரட்டரி வந்தார், ரெண்டு பேரையும் உட்கார வைத்துப் பேசி முடித்துவிடலாம், வெளியே தெரிந்தால் நம்ம பில்டிங் பேர் கெட்டுவிடும் என்றார். பில்டிங்குக்கா அடி விழுந்தது, அதன் பேரைப் பற்றி இப்போது என்ன கவலை என்று கேட்டேன். தண்ணீர்த் தொட்டி கழுவ வேண்டும் என்று ஏதோ சொல்லிக்கொண்டு போய்விட்டார். கீழ்வீட்டு அம்மா, அவளுக்கும் வாய் கொஞ்சம் நீளம்தான், எதிர்த்துப் பேசினால் எந்த ஆம்பளைக்கும் கை நீளத்தான் செய்யும் என்றார். நான் பார்த்தவரை அவள் வாயைத் திறந்து பேசினது அந்த மெதுவா என்கிற ஒரு சொல்தான். சலவைக்கடையிலும் பேச்சு வந்துவிட்டது. பெட்ஷீட்டை மடிக்க இரண்டு பேர் இரண்டு முனையைப் பிடித்து எதிரெதிரே நடந்து வருவோம் இல்லையா, அப்போதுதான் எங்களுக்கு ஊர்க்கதை எல்லாம். அடி வாங்காத பெண்சாதி யாருடி இருக்கா, கையைத் தூக்கு பார்ப்போம் என்று ஒருத்தி கேலி செய்தாள், எல்லாரும் சிரித்தார்கள். நான் கையைத் தூக்கினேன். உன் அப்பா இத்தனை வருஷத்தில் தட்டைத் தூக்கி எறிந்திருக்கிறார், கதவை அறைந்து சாத்தியிருக்கிறார், சோறு வேண்டாம் என்று பட்டினி கிடந்து என் உயிரை வாங்கியிருக்கிறார், கையை ஓங்கினதில்லை. சிரிப்பு நின்றுவிட்டது. யாரும் கையைத் தூக்கவில்லை, கேலி செய்தவள் ஷீட்டை இரண்டு தரம் தப்பாக மடித்தாள். உன் தங்கையைப் பற்றியும் பேசுகிறார்கள். அடுத்தவன் வீட்டுக் கதவைத் தட்டுகிறவளை நாளைக்கு எவன் கட்டிக்குவான் என்று செக்ரட்டரி வீட்டில் சொன்னார்களாம். தட்டினால் திறக்கிறவன் கட்டிக்கட்டும் என்று சொல்லி அனுப்பினேன். இதை எழுதும்போது அவளுக்கு முகம் சிவந்து பேனா நின்றுவிட்டது, எழுதடி என்று அதட்டி எழுத வைத்திருக்கிறேன்.

இனி நீ கேட்டதற்கு வருகிறேன். அவங்க என்ன தப்புப் பண்ணாங்கன்னு கேட்டீங்களா என்று கேட்டாய். கேட்கவில்லை. கேட்கவும் மாட்டேன். உன்னை ஒருவன் தெருவில் போட்டு அடித்தால், நீ என்னடா செய்தாய் என்றா நான் முதலில் கேட்பேன். குழம்பில் உப்பு கூடியிருக்கலாம், போனை எடுக்காமல் இருந்திருக்கலாம், எதிர்த்து நாலு வார்த்தை பேசியே இருக்கலாம், அதெல்லாம் அடிக்கு விலையா. மாஸ்டருக்குக் கோபம் வந்தால் தன்னை மறந்துவிடுகிறார், மற்றபடி தங்கமான மனுஷன் என்றாய். நீதான் சொன்னாய் அவரைப் போலப் பொறுமைசாலி கிடையாது என்று. நாள் முழுக்க உன்னை மாதிரிப் பிள்ளைகள் வண்டியைத் தொட்டியில் விடுவதையும் தூணில் விடுவதையும் பார்த்து, உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு, ஒருவனைக்கூட ஓர் அறை அறையாமல் வீட்டுக்கு வருகிறார். அவர் காலடியில் பிரேக் இருக்கிறது ராசா. வண்டியிலும் இருக்கிறது, வீட்டிலும் இருக்கிறது. யாரிடம் அழுத்த வேண்டும், யாரிடம் வேண்டாம் என்று அவருக்கு நன்றாகத் தெரியும். சின்னவளின் விரல் கதவில் இருந்தபோது அழுத்தினாரே. தன்னை மறந்தவர் தலையை வாரிக்கொண்டு வந்து கதவைத் திறப்பாரா. நான் படித்தவள் இல்லை, இதற்குப் பெரிய படிப்பும் வேண்டாம். அவள் தன் அண்ணன் வீட்டுக்குப் போகலாமே என்றும் கேட்டாய். என் போனில் இருந்துதான் அவனைக் கூப்பிட்டாள். ஆம்பளைன்னா கோபம் வரத்தான் செய்யும், அனுசரிச்சுப் போ என்று சொல்லி வைத்துவிட்டான். நீ நேற்று என்னிடம் பேசினதும் ஏறக்குறைய அதேதான். எனக்கு வலித்தது அங்கேதான். அவளுக்கு வாய்த்த அண்ணன் மாதிரி என் பிள்ளை பேசுகிறானே என்று ராத்திரி சோறு இறங்கவில்லை. பிறகு யோசித்தேன், அவன் அவள் முகத்தைப் பார்க்கவில்லை, நீயும் பார்க்கவில்லை, பார்த்திருந்தால் உன் அப்பா மாதிரி நீயும் ஒரு நாற்காலியைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பாய். அதனால்தான் வேலை மெனக்கெட்டு இவ்வளவையும் எழுத வைக்கிறேன்.

அவள் புகார் கொடுத்துவிட்டாள். நாங்கள் யாரும் தூண்டவில்லை, கண்ணாடிக் கடை முதலாளியம்மா கூட்டிக்கொண்டு போனார், அவளே வாயால் சொல்லிக் கொடுத்தாள். முந்தாநாள் விசாரிக்க ஒரு பெண் அதிகாரி வந்து வீடு வீடாகக் கதவைத் தட்டினார். அன்று மத்தியானம் என்ன கேட்டீர்கள் என்று கீழ்வீட்டில் கேட்டதற்கு, டிவி ஓடிக்கொண்டிருந்தது, ஒன்றும் கேட்கவில்லை என்றார்கள். செக்ரட்டரி வீட்டிலும் அதே பதில், டிவி. எங்கள் வீட்டில் நானும் அப்பாவும் கேட்டதைக் கேட்டபடி சொன்னோம். சின்னவள் என் முதுகுக்குப் பின்னால்தான் நின்றாள், ஆனால் முன்னால் வந்து அவளே சொன்னாள், குரல் கிணற்றுக்குள்ளிருந்து வந்தது, அந்த அதிகாரி பக்கத்தில் குனிந்து காது கொடுத்து எழுதிக்கொண்டார். ஆனால் நாங்கள் அவளை வைத்திருப்பவர்கள், அவளுக்குச் சாதகமாகத்தான் சொல்வோம் என்று மாஸ்டர் சொல்லலாம் அல்லவா. அதனால் எதிர்வீட்டு டீச்சர் கதவு திறந்தபோது நான் நம் வாசலிலேயே நின்று பார்த்தேன். டீச்சரும் மாஸ்டரிடம்தான் வண்டி பழகினார், அவரை வாயாரப் புகழ்கிறவர். டிவி ஓடிச்சா என்று அதிகாரியே எடுத்துக் கொடுத்தார், எல்லா வீட்டிலும் அதைக் கேட்டுச் சலித்திருப்பார் போல. டீச்சர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், மாட்டிக்கொண்டார், மறுபடி கழற்றினார். பிறகு, "அந்த நேரத்துல கரண்ட் இல்லைங்க. யார் வீட்லயும் டிவி ஓடலை. கேட்டுச்சு" என்றார். கீழ்வீட்டுக் கதவு மெல்லச் சாத்திக்கொண்டது, எனக்கு அதுவும் கேட்டது.

இப்போது மாஸ்டருக்கு இருக்கிற ஒரே பிடி நீதான். செக்ரட்டரியிடம் சொல்லியிருக்கிறார், அந்த வீட்டுப் பையன் என் பக்கம், அவன் சம்பாத்தியத்தில்தான் அந்தக் குடும்பம் ஓடுகிறது, அவன் ஒரு வார்த்தை சொன்னால் ஞாயிற்றுக்கிழமை அவர்களே அவளைக் கொண்டுவந்து விட்டுவிடுவார்கள் என்று. அது அவள் காதுக்கும் வந்துவிட்டது. நேற்று நீ போனில் கத்தினதும் அவளுக்குக் கேட்டிருக்கும், இந்த வீட்டுச் சுவர்தான் உனக்குத் தெரியுமே. இன்று காலையில் பார்த்தால் பையைக் கட்டி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள், உங்க பிள்ளைக்குப் பிடிக்கலைன்னா நான் போயிடறேம்மா என்கிறாள். எங்கே போவாய் என்றேன்.  மேல்வீடு ஒன்றுதான் இருக்கிறது என்று அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். உன் மாஸ்டருக்கும் தெரியும், அதனால்தான் அவ்வளவு நம்பிக்கையாக ஞாயிற்றுக்கிழமை என்று நாள் குறித்திருக்கிறார். பையை நானே பிரித்துத் துணிகளை உன் அலமாரியில் அடுக்கிவிட்டேன்.

உன் அறையை அவளுக்குக் கொடுத்திருக்கிறேன். உன்னைக் கேட்காமல் கொடுத்துவிட்டேன், கேட்டிருந்தாலும் கொடுத்திருப்பேன். உன் கட்டில், உன் போர்வை, ஜன்னல் ஓரத்து மேஜை எல்லாம் அவளிடம். நீ பத்திரமாக வைத்துவிட்டுப் போன கிழிந்த ஷூவை மட்டும் தூக்கிப் பரண் மேல் போட்டேன், அந்த நாற்றத்தோடு எந்த மனுஷியும் தூங்க முடியாது. நீயும் மாஸ்டரும், நீ பழகின கார் முன்னால் தோளில் கை போட்டுக்கொண்டு நிற்கிற போட்டோ சுவரில் மாட்டியிருந்தது இல்லையா. அவள் அதைக் கழற்றச் சொல்லவில்லை, முதல் நாள் அதற்கு முதுகைக் காட்டிக்கொண்டு படுத்திருந்தாள், நான்தான் கழற்றினேன். கிழிக்கவில்லை, கண்ணாடி உடையவில்லை, துணியில் சுற்றி வைத்திருக்கிறேன். மாட்டுவதா வேண்டாமா என்று நீ வந்து முடிவு செய். அவர் உனக்கு நல்லது செய்தார் என்பதை மறக்கச் சொல்லவில்லை. உனக்கு நல்லவர் என்பதால் அவளுக்கும் நல்லவராகத்தான் இருப்பார் என்று நீ எங்களோடு சண்டை போடாதே. லீவுக்கு வரும்போது கூடத்தில் அப்பா பக்கத்தில் படுத்துக்கொள், அவர் குறட்டைக்குப் பழகிக்கொள்ள வேண்டியதுதான். அவளுக்கு எத்தனை நாள் வேண்டுமோ அத்தனை நாள் இருப்பாள்.

உன்னிடம் நான் கேட்பது ஒன்றுதான். ஞாயிற்றுக்கிழமைக்கு முன்னால் மாஸ்டர் மறுபடி உனக்குப் போன் செய்வார். மெதுவாகத்தான் பேசுவார், அழுதாலும் அழுவார், தம்பி உன்னை எப்படி வளர்த்தேன் என்பார். நீ வாக்குவாதம் செய்ய வேண்டாம், திட்டவும் வேண்டாம். அது என் ரூம், அக்கா அங்கே இருக்கறது எனக்குச் சம்மதம், ஞாயிற்றுக்கிழமை நீங்க கீழே இறங்க வேண்டாம் என்று சொல்லிவிட்டு வைத்துவிடு. இதை நாங்கள் சொன்னால் அவர் காதில் ஏறாது, உன் வாயால் சொன்னால் ஏறும். ஏனென்றால் அவர் உன்னை நம்பியிருக்கிறார். நானும் உன்னைத்தான் நம்பியிருக்கிறேன், அவரைவிடக் கொஞ்சம் முன்னாலிருந்தே. நீ சொல்ல மாட்டாய் என்று எனக்குத் தோன்றவே இல்லை, நீ பேசினது உன் கோபம், உன் மனசு எனக்குத் தெரியாதா. ஒருவேளை சொல்லாவிட்டாலும் அவள் போகப் போவதில்லை, அதையும் இப்போதே சொல்லிவைக்கிறேன். ஆனால் நீ சொன்னால் அவள் இங்கே யாருக்கும் பாரம் என்று நினைக்காமல் இருப்பாள்.

வேறு விசேஷம் இல்லை. வெறும் வயிற்றில் வண்டியை எடுக்காதே, தூக்கம் வந்தால் ஓரமாக நிறுத்திவிட்டுக் கண்ணை மூடிக்கொள், முதலாளி என்ன சொன்னாலும் சரி. அங்கே குளிர் ஆரம்பித்திருக்கும், நான் கொடுத்த ஸ்வெட்டரை மடித்து வைக்காமல் போட்டுக்கொள், அது பார்க்க அழகாக இல்லை என்று எனக்கும் தெரியும். உன் கை பிடித்ததெல்லாம் நல்லபடியாக நடக்கட்டும், நீ போகிற வழியெல்லாம் தடையில்லாமல் இருக்கட்டும், நாளைக்கு உனக்கென்று ஒருத்தி வரும்போது உன் காலடிச் சத்தம் கேட்டு அவள் முகம் மலரட்டும், அந்த ஆசீர்வாதம் ஒன்று போதும் எனக்கு. மறக்காமல் மாஸ்டருக்குச் சொல்ல வேண்டியதைச் சொல். சனிக்கிழமைக்குள் சொல்.

உன் நன்மையை மட்டும் நினைக்கிற
அம்மா

அண்ணா, அம்மாவுக்குத் தெரியாமல் இதைச் சேர்க்கிறேன். உன் அறைக் கதவின் உள்தாழ்ப்பாள் துருப்பிடித்துக் கிடந்தது. அக்கா வந்த அன்றே அதைப் போட முடியாமல் இழுத்து இழுத்துப் பார்த்தாள், அப்பா எண்ணெய் விட்டுச் சரி செய்து கொடுத்தார். அதிலிருந்து உள்ளே போனால் தாழ்ப்பாள் விழுகிற சத்தம் கேட்கும், பகலில்கூட. இன்று அம்மா பையைப் பிரித்து அடுக்கின பிறகு போய்ப் படுத்தாள். சத்தம் வரவில்லையே என்று நான் போய்ப் பார்த்தேன். கதவு பாதி திறந்திருந்தது, அக்கா நன்றாகத் தூங்கிக்கொண்டிருந்தாள்.

தங்கை